சரக்கறைச் சரித்திரம்

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையன்று நம் இல்லத்துச் சரக்கறையை ஒழித்துத் துப்புரவு செய்தோம். சரக்கறை என்பது சற்று மிகையான சொல். ரயில்வே குவார்ட்டர்ஸின் சமையற்கட்டுச் சுவரில் பதித்த மூன்று கடப்பைக் கல் பலகைகளும், அவற்றின் கீழுள்ள இருண்ட மூலையும் சேர்ந்ததே அது. வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குச் சென்ற நம்மிடம், இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பதாகவும், சர்க்கரை எல்லைக்கோட்டின்மேல் நிற்பதாகவும், மாத்திரை தருவதற்கு முன்னர் வீட்டு அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நலம் என்றும் மருத்துவர் கூறினார். அதன் விளைவே இத்துப்புரவுப் பணி.

அலமாரியிலிருந்து வெளிவந்தவற்றை ஈண்டு ஒளியாமல் எழுதுகிறோம். ஐந்து நூடுல்ஸ் பொட்டலங்கள், மூன்று வகை பிஸ்கோத்துகள், சூப்புத் தூள், தக்காளி சாஸ், குலாப்ஜாமூன் மாவு, இரண்டு கிலோ மைதா, ஐந்து கிலோ வெள்ளைச் சர்க்கரை, பாதி தீர்ந்த வனஸ்பதிப் பொட்டலம் ஒன்று. இவற்றோடு ஆரஞ்சுப் பானத் தூள் அடைத்த புட்டி ஒன்றும் இருந்தது. பார்சல் அலுவலகத்தில் அமர்ந்து நாகபுரி ஆரஞ்சுக் கூடைகளைத் திசைதோறும் அனுப்பிவைக்கும் எழுத்தர் ஒருவரின் வீட்டில், ஆரஞ்சுப் பழத்தையே காணாத ஆரஞ்சுத் தூள்! நம் இல்லாள் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இவையனைத்தையும் கூடத்தில் பரப்பி வைத்திருந்தபோது, ஊஞ்சற் பலகையில் அமர்ந்திருந்த நம் அன்னையார் ஒரு கேள்வி கேட்டார். "ஏண்டா, இதெல்லாம் எப்போது நம் வீட்டுக்குள் வந்தது?"

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து 1972-இல் மணமகளாக இவ்வூருக்கு வந்தவர் அவர். முதல் வனஸ்பதி டப்பாவை இவ்வீட்டிற்கு வாங்கியவரும் அவரே. ஆயினும் அக்கேள்வியில் பரிகாசம் இல்லை, உண்மையாகவே கேட்டார். நம் தந்தையார் பணியில் இருக்கும்போதே, தமது 51-ஆம் அகவையில், மாரடைப்பால் காலமானார். அதன் பொருட்டுக் கருணை அடிப்படையில் கிடைத்ததே நம் வேலை. பத்தாம் வகுப்போடு நம் கல்வி நின்றதும் அதனாலேயே. இப்போது நமக்கு அகவை 46. அன்னையாரின் கேள்விக்குப் பின்னால் என்ன கணக்கு ஓடிற்று என்பதை நாம் அறிவோம். தந்தையாரின் மரணத்தை எந்த ஓர் உணவின் மீதும் சுமத்த நாம் துணியோம். அவர் நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி பிடித்தவர். எனினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும் அன்றோ? சங்கத்து நூலகத்திலும் பிறவிடங்களிலும் தேடிப் படித்து நாம் அறிந்ததை ஆண்டு மலர் அன்பர்களின் முன் வைக்கிறோம்.

முதலில் அரிசி. நம் அலமாரியில் உள்ளவற்றுள் ஆலைக்குப் போய்த் திரும்பிய மூத்த பொருள் அதுவே.

நெல்லை உரலிலிட்டு உலக்கையால் குத்தும்போது உமி நீங்கும்; தவிடு ஓரளவு அரிசியோடு ஒட்டி நிற்கும். ஆலையில் தீட்டும்போதோ தவிடும் முளையும் முற்றும் அகன்று, அரிசி முத்துப்போல் வெளுத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் கீழ்த்திசை நாடுகளில் பரவியபோது, அவற்றின் பின்னாலேயே ஒரு நோயும் பரவிற்று. கால்கள் மரத்து, வீங்கி, நடை தளர்ந்து, இறுதியில் இதயம் நின்றுவிடும் பெரிபெரி என்னும் நோய் அது. டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில் படைவீரர்களும் சிறைக்கைதிகளும் கூட்டங்கூட்டமாக மாண்டனர். கிருமியே காரணம் என்று எண்ணி, அதனைக் கண்டுபிடிக்க 1886-இல் ஒரு குழு அனுப்பப்பட்டது. அக்குழுவோடு சென்ற இளம் மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், பின்னர் பட்டாவியா நகரத்து ஆய்வுக்கூடத்தின் தலைவரானார்.

ஆய்வுக்கூடத்துக் கோழிகள் ஒருநாள் கால் தளர்ந்து விழத் தொடங்கின. அந்நோய் பெரிபெரியை ஒத்திருந்தது. சில மாதங்களில் அவை தாமாகவே தேறியும் விட்டன. எய்க்மான் விசாரித்தார். கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று நிறுத்திவிட்டதும் தெரியவந்தன. அன்றுமுதல் அவற்றிற்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, நோய் நீங்கிற்று. விதிப்புத்தகத்தை விடாது பற்றிய ஒரு சமையற்காரரால் மருத்துவ உலகம் திரும்பிற்று என்பதில், விதிப்புத்தகங்களின் நடுவே காலம் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

தவிட்டில் ஏதோ ஒரு பொருள் இருப்பதையும், அது இல்லாமையே நோய்க்குக் காரணம் என்பதையும், எய்க்மானுக்குப் பின் அவ்விடத்தில் ஆராய்ந்த கிரெய்ன்ஸ் 1901-இல் தெளிவுபடுத்தினார். 1912-இல் காசிமிர் ஃபங்க் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1929-இல் எய்க்மானுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உணவில் இருப்பது மட்டுமன்று, உணவிலிருந்து நீக்கப்பட்டதும் மனிதனைக் கொல்லக்கூடும் என்பதை உலகம் முதன்முதலில் விளங்கிக்கொண்டது இவ்வரிசியிலிருந்தே.

இக்கதை நம் நாட்டிற்கும் வந்தது. 1918-இல் குன்னூரில் பெரிபெரி ஆராய்ச்சி என்ற பெயரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பணி, பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் 1935 முதல் அதனை நடத்தியவர் அய்க்ராய்டு. அக்காலச் சென்னை மாகாணத்தில் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களில் ஏறக்குறைய இல்லை. இருபக்கத்தாரும் மூன்று வேளையும் சோறுண்பவரே. இருபக்கத்தும் ஆலைகள் இருந்தன. வேறுபாடு எங்கே? வடக்கே உண்டது பச்சரிசி. தெற்கே உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள தயமின் என்னும் சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிப் படிந்துவிடுகிறது. பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும், அடுப்பங்கரையில் எத்தனை முறை களைந்தாலும், அதில் பெரும்பங்கு போவதில்லை.

இதனை நம் அன்னையாருக்குப் படித்துக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை. புழுங்கல்தான் வயிற்றுக்கு நல்லது என்று தம் பாட்டியாரே சொல்வார் என்றார். மன்னார்குடியில் நெல் அவிக்கும் நாளில் கொல்லை முழுவதும் எழும் மணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, அரைமணி நேரம் நிறுத்தவில்லை. ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புழுக்குவதும் ஒரு பதப்படுத்துதலே. நெல் அவித்த தவலையும் ஒருவகைத் தொழிற்சாலையே. ஆதலால், பதப்படுத்திய பொருளெல்லாம் தீது என்று ஒரே கோட்டில் அடித்துவிடுதல் இயலாது. அடித்திருந்தால் அன்று முதலில் வெளியேறியிருக்க வேண்டியது, நம் முன்னோரைக் காத்த புழுங்கலரிசியாகும்.

இனி, நம்மூருக்கு மிக அருகே நடந்த ஒரு செய்தி. நாகபுரியிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் அடையக்கூடிய வர்தாவில், 1934 டிசம்பரில், காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நிறுவினார். அதன் செயலாளராக அமர்ந்தவர் ஒரு தமிழர். தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் தேர்வு தேறி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று, மேல்நாட்டு உடையோடு காந்தியடிகளைக் காண 1929-இல் சபர்மதிக்குச் சென்றவர். அதன்பின் அவ்வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. வர்தாவில் ஜமன்லால் பஜாஜ் அளித்த தோட்டத்தில் அமைந்த மகன்வாடியே அவருக்கு வீடாயிற்று. நாகபுரித் தமிழராகிய நம்மில் எத்தனை பேர், சேவாகிராம் நிலையத்தைக் கடந்து ஊருக்குப் போகும்போதெல்லாம், அங்கே ஒரு தஞ்சாவூர்க்காரர் இத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நாமும் எண்ணியவரல்லோம்.

குமரப்பாவின் கண் ஒரு கணக்காயரின் கண். ஆலை அரிசி, ஆலை எண்ணெய், ஆலைச் சர்க்கரை ஆகிய மூன்றையும் அவர் பேரேட்டில் எழுதிப் பார்த்தார். வரவுப் பக்கத்தில் மலிவும் வெண்மையும். பற்றுப் பக்கத்தில் நெல் குத்திப் பிழைத்த பெண்டிர் இழந்த கூலி, வாணியர் இழந்த செக்கு, மாடு இழந்த பிண்ணாக்கு, உண்பவர் இழந்த சத்து. கிராமத்தின் நெல்லும் எள்ளும் கரும்பும் மூட்டையாக வெளியேறி, சத்து நீங்கிய பண்டமாக விலையேறித் திரும்பி வருவதே வறுமைக்கு வழி என்பது அவருடைய முடிவு. இதைப் படித்தபோது நமக்குச் சற்றே உறுத்திற்று. அம்மூட்டைகளை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு ரசீது எழுதுவதன்றோ நம் தொழில்!

அவர் வெறும் எழுத்தோடு நிற்கவில்லை. மகன்வாடியில் நெல்லின் உமியை மட்டும் நீக்கித் தவிட்டை விட்டுவைக்கும் திரிகைகளைச் செய்து பார்த்தனர். பழைய செக்கைத் திருத்தி அமைத்தனர். அது வர்தாச் செக்கு என்றே நாடெங்கும் பெயர்பெற்றது. காந்தியடிகளும் 1936-இல் சேவாகிராமத்திற்குக் குடிபெயரும் வரை மகன்வாடியிலேயே தங்கி, அங்குள்ளோரின் உணவைத் தம் சோதனைக்கு உட்படுத்தினார். சோயாவைப் புகுத்தினார், வேப்பிலையும் புளியந்தளிரும் தட்டில் விழுந்தன. தொண்டர்கள் எல்லாரும் மகிழ்ந்து உண்டனர் என்று நாம் நம்பவில்லை. 1938 டிசம்பர் 30 அன்று அவரே திறந்துவைத்த மகன் அருங்காட்சியகம் இன்றும் அங்கே இருக்கிறது.

சர்க்கரையைப் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. 1932-இல் அரசு சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புவரி அளித்தது. முப்பதையொட்டி இருந்த ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. குமரப்பா பனைவெல்லத்தை முன்வைத்தார். பயிர் விளையாத நிலத்திலும் நிற்கும் பனை இருக்க, நல்ல நஞ்சையைக் கரும்புக்குக் கொடுப்பானேன் என்பது அவர் வாதம். நில வாதம் சரியே. ஆனால் உடல் வாதம் வேறு. வெள்ளைச் சர்க்கரையை ஒழித்தோம் என்ற பெருமையில் நாம் காப்பியில் வெல்லத்தை இரண்டு கரண்டி கூடப் போட்டுப் பருகி, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குச் சென்றோம். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "வெல்லத்தையும் இரத்தம் சர்க்கரை என்றுதான் படிக்கும், ஐயா" என்றார்.

அடுத்தது வனஸ்பதி. அன்னையாரின் கேள்விக்கு நேர்விடை இதில்தான் உள்ளது.

எண்ணெயை நெய்போல உறையச் செய்யும் வித்தை ஐரோப்பாவில் பிறந்தது. நுண்ணிய நிக்கல் தூளின் துணைகொண்டு, சூடான எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் நீர்மம் திடமாகிறது. பிரெஞ்சு அறிஞர் சபாத்தியேயின் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, ஜெர்மானியரான வில்ஹெல்ம் நோர்மான் 1902-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் 1911-இல் பருத்திவிதை எண்ணெயிலிருந்து செய்த உறைகொழுப்பு கடைக்கு வந்தது. இந்தியாவிற்கு முதலில் ஹாலந்திலிருந்து டப்பாக்களில் இறக்குமதியாயிற்று. பின் லீவர் நிறுவனத்தார் 1931-இல் இந்துஸ்தான் வனஸ்பதிக் கம்பெனியைத் தொடங்கி, பம்பாய் சேவ்ரியில் ஆலை அமைத்தனர். 1937-இல் டால்டா பிறந்தது. டச்சுக்காரர் இட்டிருந்த டாடா என்னும் பெயரின் நடுவே லீவரின் முதலெழுத்தைச் செருகியதே அப்பெயர் என்பர்.

டால்டா பரவியது வெறும் மலிவினால் அன்று. நெய் வேண்டும், நெய்க்குப் பணம் இல்லை என்ற நடுத்தரக் குடும்பத்தின் ஏக்கத்தை அந்நிறுவனத்தார் நன்கறிந்திருந்தனர். டப்பாவைப் போன்ற வடிவில் ஒரு வண்டியையே செய்து தெருக்களில் ஓட்டினர். கூட்டம் கூடுமிடங்களில் பலகாரம் பொரித்துத் தந்தனர். இந்நாட்டில் விளம்பரக் கலையின் வரலாற்றை எழுதுவோர் இதனைக் குறிப்பிடுவதுண்டு. பின்னர் பல நிறுவனங்கள் வனஸ்பதி செய்யத் தலைப்பட்டன. காலி டப்பாக்கள் துளசி மாடத்திலும் குளியலறையிலும் அஞ்சறைப் பெட்டியின் அருகிலும் குடியேறின.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. உறைந்த வனஸ்பதியை நெய்யோடு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் கலப்படம் பெருகிற்று. காந்தியடிகள் 1946-இல் ஹரிஜன் இதழில் இதனைக் கண்டித்து எழுதினார். விடுதலைக்குப் பின் பண்டித தாகூர்தாஸ் பார்கவா, வனஸ்பதியையே தடைசெய்யக் கோரி நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நிறமூட்டினால் கலப்படம் நிற்கும் என்றனர் சிலர். ஏற்ற நிறம் அமையவில்லை. இறுதியில் ஒரு தந்திரம் கைகொடுத்தது. வனஸ்பதி செய்வோர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என விதித்தனர். நெய்யில் ஐயம் எழுந்தால், உருக்கிய நெய்யோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்குமிடத்தில் ரோஜா நிறம் தோன்றிக் கலப்படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் எள் நாடு முழுவதற்கும் சாட்சி சொன்னது என்பதில் தமிழருக்குப் பெருமை உண்டு.

ஆனால் தடை வரவில்லை. அரசு எலிகளுக்கு ஊட்டிச் செய்வித்த சோதனைகளில், வனஸ்பதி கடலை எண்ணெயைவிடக் கெடுதல் என்று நிலைநாட்டப்படவில்லை. அறிவியலார் நாட்டை ஏமாற்றினர் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்கள் தேடியது ஒன்று, இருந்தது மற்றொன்று. எலி வளர்கிறதா, குட்டி போடுகிறதா என்று பார்த்தனர். முப்பது ஆண்டுகள் உண்ட மனிதனின் இரத்தக்குழாய் என்ன ஆகும் என்பதை எலி சொல்லாது. எண்ணெயை முழுதும் உறையவிடாமல் பாதியில் நிறுத்தும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, இரத்தத்தில் தீய கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்பதை ஹாலந்து நாட்டு ஆய்வாளர் மென்சிங்கும் காட்டானும் 1990-இல்தான் வெளியிட்டனர். வனஸ்பதி முதன்முதல் எந்நாட்டிலிருந்து நமக்கு வந்ததோ, அந்நாட்டிலிருந்தே அதன் குற்றப்பத்திரிகையும் வந்தது.

அதன்பின்னும் சட்டம் மெல்லவே நடந்தது. டென்மார்க் 2003-இல் வரம்பு விதித்தது. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை முதலில் நூற்றுக்குப் பத்து என்றும், 2016-இல் ஐந்து என்றும், 2021 ஜனவரியில் மூன்று என்றும், 2022 ஜனவரியில் இரண்டு என்றும் படிப்படியாக இறக்கிற்று. ஆக, இன்று கடையில் விதிப்படி செய்து விற்கும் வனஸ்பதி அன்று நம் அன்னையார் வாங்கியது அன்று. 1937-க்கும் 2022-க்கும் இடையே 85 ஆண்டுகள். நம் பாட்டனார், தந்தையார், நாம் என மூன்று தலைமுறையின் தீபாவளிகள் அதற்குள் அடங்கிவிட்டன.

அன்னையாரிடம் இத்தேதிகளைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னதை நாம் எந்த நூலிலும் படிக்கவில்லை. "அந்த டப்பா வந்தபோது எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா? வெண்ணெய் கடைந்து காய்ச்ச வேண்டாம், ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று தோன்றிற்று. மில் அரிசி வந்தபோது என் அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். உலக்கை பிடித்த கையை நீ பார்த்திருக்கிறாயா?"

குமரப்பாவின் பேரேட்டில் இல்லாதுபோன வரி இதுவென நமக்குத் தோன்றுகிறது. குத்துக்கூலி இழந்த பெண்ணை அவர் எழுதினார். தன் வீட்டு உரலிலிருந்து, கூலியே இல்லாத வேலையிலிருந்து விடுபட்ட பெண்ணை எழுதவில்லை. டப்பாவும் பொட்டலமும் நம் வீடுகளுக்குள் நுழைந்த வாயில், நாக்கின் ஆசை மட்டுமன்று. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த பெண்களின் அயர்வும் ஆகும். நைட் டியூட்டி முடித்து வரும் கணவனுக்கும் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கும் ஒரே அடுப்பில் வேறு வேறு நேரத்தில் சமைப்பவருக்கு, இரண்டு நிமிடத்தில் ஆகும் உணவு என்னும் விளம்பரம் பொய்யாகத் தோன்றாது.

அந்த நூடுல்ஸின் வரலாறும் சிறியதே. போருக்குப் பிந்திய பஞ்சத்தைக் கண்ட ஜப்பானியர் மொமொஃபுகு ஆண்டோ 1958-இல், பொரித்து உலர்த்திய நூடுல்ஸை ஆக்கினார். நம் நாட்டில் அது 1980-களில் பரவிற்று. பஞ்சத்திற்காகப் பிறந்தது, நம் அலமாரியில் பஞ்சமில்லாத காலத்தில் ஐந்து பொட்டலமாக அடுக்கி இருந்தது.

இவ்வகைப் பண்டங்களை முன்னைய ஆலைப் பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டியவர் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோ. அவர் தொடங்கியதும் நம்மைப் போலவே சரக்கறைக் கணக்கிலிருந்துதான். பிரேசில் குடும்பங்கள் வாங்கும் சர்க்கரையும் எண்ணெயும் ஆண்டுக்காண்டு குறைந்து வந்தன. ஆனால் மக்களின் பருமன் ஏறிவந்தது. குறைந்த சர்க்கரை எங்கே போயிற்று? வீட்டு டப்பாவிலிருந்து ஆலைப் பொட்டலத்திற்குள் போயிற்று. 2009 முதல் அவர் உணவுகளை, அவற்றில் உள்ள சத்தைக் கொண்டன்றி, அவற்றிற்குச் செய்யப்பட்ட வேலையைக் கொண்டு வகுத்தார். அந்த வகுப்பில் அரிசியும் பருப்பும் ஒரு புறம். எண்ணெய், உப்பு, சர்க்கரை போன்ற சமையற் பொருள்கள் ஒரு புறம். அவற்றைச் சேர்த்துச் செய்த ரொட்டி, ஊறுகாய் போன்றவை ஒரு புறம். வீட்டு அடுப்பங்கரையில் காணமுடியாத பொருள்களைக் கூட்டி ஆலை மட்டுமே செய்யவல்லவை மற்றொரு புறம். இந்நான்காம் வகையே மிகை பதப்படுத்திய உணவு எனப்படுகிறது. அமெரிக்காவில் 2019-இல் வெளியான ஒரு சோதனையில், 20 பேரை மருத்துவ விடுதியில் தங்கவைத்து, இரண்டு வாரம் இவ்வகை உணவும் இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும் அளித்தனர். முன்வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியன இரண்டிலும் சமமாக இருந்தும், பொட்டல உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உண்டு, எடையும் ஏறினர்.

குன்னூரில் தொடங்கிய அச்சிறு ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய உணவூட்டக் கழகமாயிற்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட 17 உணவு நெறிகளுள், மிகை பதப்படுத்திய உணவைக் குறைக்க வேண்டும் என்பதும் ஒன்று. தீட்டிய அரிசியில் தொடங்கிய விசாரணை அதே நிறுவனத்தின் கையால் பொட்டலங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சென்ற ஜனவரியில் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு மகன்வாடிக்குச் சென்றுவந்தோம். அன்னையாரால் வெகுதூரம் நடக்க இயலவில்லை. கிராமக் கைத்தொழிற் கருவிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், நெல் உடைக்கும் திரிகை ஒன்றின் அருகே நின்று, அதன் பிடியைத் தொட்டுப் பார்த்தார். பேத்தி, "பாட்டி, இதைச் சுற்றத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியும். சுற்றமாட்டேன்" என்று கூறி நகர்ந்துவிட்டார்.

நம் வீட்டில் இப்போது நடைமுறை இதுதான். நூடுல்ஸ், பானத் தூள், சூப்பு, சாஸ் ஆகியன போயின. மைதா போயிற்று. வனஸ்பதி திரும்பவில்லை, நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாறி மாறி வருகின்றன, அளவு மட்டும் பாதி. சர்க்கரையும் வெல்லமும் ஒரே சிறு புட்டியில் மாத அளவாக அடங்கிவிட்டன. புழுங்கலரிசி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைக்குத்தல் அரிசி இவ்வூர்க் கடையில் இருமடங்கு விலையாதலால், மாதச் சம்பளக்காரராகிய நாம் வாரம் இருமுறைக்கு மேல் துணியவில்லை. ஏழையின் அரிசியாக இருந்தது சீமான்களின் அரிசியானதைக் குமரப்பா கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மாவு அரைப்பதும், காலையில் காய் நறுக்குவதும் நம் பொறுப்பாயின. ஷிஃப்ட் மாறும் வாரங்களில் பிழை நேர்கிறது. அந்நாள்களில் பிஸ்கோத்து மீண்டும் வந்துவிடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. பிள்ளையாண்டான் புத்தகப் பையினுள் ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்ததைக் கண்டும் காணாதவர்போல் இருந்தோம்.

பரிசோதனைத் தாளில் கொழுப்பு சற்றே இறங்கியிருக்கிறது. அடுத்த பரிசோதனை ஆவணி மாதம்.

ஒன்றை மட்டும் அன்னையார் எடுத்துச் செல்ல விடவில்லை. மேற்பலகையின் கோடியில் இருந்த பழைய தகர டப்பா அது. வண்ணமெல்லாம் போய், வாய் நெளிந்து, இன்ன கம்பெனியது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. அதில் அவர் மிளகாய் வற்றல் போட்டு வைத்திருக்கிறார்.